அப்டேட்: ஸ்கூல் விட்டு வர்ற பசங்களும் காய்கறியும்

ஸ்கூல் முடிஞ்சு நம்ம சென்டருக்கு வர்ற பசங்க சிப்ஸ் தவிர எதையும் தொட மாட்டேங்கிறாங்க, என்ன பண்றதுன்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, அதோட அப்டேட் இது.

சத்து பத்தின லெக்சரை நிறுத்தியாச்சு. பசியோட வர்ற புள்ளைகிட்ட வைட்டமின் பத்திப் பேசினா யாரு கேப்பா? இப்போ வந்ததும் கை கழுவிட்டு அவங்களே கேரட், வெள்ளரிக்காய் எல்லாம் கழுவி, பெரிய பசங்க நறுக்கி, தட்டுல அடுக்குறாங்க, அடுக்கும்போதே பாதி காலி.

செம ஹிட் ஆனது சர்க்கரை விளையாட்டுதான். கூல்டிரிங்க் லேபிளைப் படிச்சு 4 கிராமுக்கு ஒரு டீஸ்பூன்னு கணக்குப் போட்டு கிளாஸ்ல கொட்டணும். 40 கிராம்னா 10 ஸ்பூன், பசங்க வாயப் பொளந்துட்டாங்க! சேர்க்கிற சர்க்கரை, ஜூஸ்ல இருக்கிறது எல்லாம் சேர்த்து ஒரு நாள் கலோரில 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும், 5க்குள்ளன்னா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2015லயே சொல்லிருக்கு. ஆனா யாரையும் பயமுறுத்தல.

புதுக் காயை ஒரு தடவை துப்பிட்டா விட்டுடாதீங்க, பழக 10, 15 தடவை கூட ஆகலாம். கட்டாயப்படுத்தவும் வேணாம், "இதைத் தின்னா சாக்லேட்"னு லஞ்சமும் வேணாம், அப்புறம் காய்னா தண்டனைன்னு மண்டையில ஏறிடும். என்ன வைக்கணும்ங்கிறது நம்ம வேலை, எவ்வளவு சாப்பிடணும்ங்கிறது அவங்க இஷ்டம்.

ப்ரோக்கோலி மட்டும் இன்னும் சீந்துவாரில்ல. அப்புறம் நட்ஸ் குடுக்கலாமான்னு கேட்டவங்களுக்கு, பேரன்ட்ஸ்கிட்ட அலர்ஜி விவரம் எழுதி வாங்காம எதுவும் குடுக்காதீங்க.