லேத் சுத்தம்: ஃபெல்ட்டுக்குள் ஒளிந்திருந்த கரும்பசை

நான் லேத் (உலோகம் கடையும் இயந்திரம்) பழகிய பட்டறையில், வேலை முடிந்ததும் ஏர் கன்னை எடுத்து மேலிருந்து கீழ்வரை காற்றடித்துவிட்டுக் கிளம்புவதையே சுத்தம் செய்தல் என்று கருதினோம். இரண்டே நிமிடத்தில் இயந்திரம் பளிச்சென்று ஆகிவிடும். பிற்பாடு ஒரு லேத் என் பொறுப்புக்கு வந்தபோதும் அதே பழக்கத்தைத்தான் தொடர்ந்தேன். அதில் நாங்கள் பெரும்பாலும் வார்ப்பிரும்புப் புல்லிகளையே கடைந்துகொண்டிருந்தோம் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும்.

சில ஆண்டுகள் கழித்து நீளமான ஷாஃப்ட் (தண்டு) ஒன்றைக் கடைந்தபோது, சக் (வேலைப்பொருளைப் பிடித்துச் சுழற்றும் பகுதி) பக்கம் விட்டம் கூடுதலாக வந்தது. டெயில்ஸ்டாக் (வேலைப்பொருளின் மறுமுனையைத் தாங்கும் பகுதி) விலகியிருக்கும் என்று நினைத்து அதைப் பலமுறை சரிசெய்தும் பயனில்லை. டெயில்ஸ்டாக் விலகினால் டேப்பர் (விட்டம் படிப்படியாக மாறுவது) நீளம் முழுவதும் ஒரே சீராக வரும். இதுவோ சக்கை ஒட்டிய ஒரு சாண் நீளத்தில் மட்டும் இருந்தது. அந்த வேறுபாட்டை நான் முதலிலேயே கவனித்திருக்க வேண்டும். சக் அருகே ஆட்டம் இல்லாதபடி சாடிலின் கிப்பை (ஆட்டத்தைக் குறைக்க இறுக்கும் பட்டை) இறுக்கினால், கேரேஜ் (சாடிலுடன் சேர்ந்து டூலைச் சுமந்து நகரும் பகுதி) டெயில்ஸ்டாக் பக்கம் போனதும் இறுகி நின்றுவிட்டது. பெட்டில் (கேரேஜ் நகரும் நீண்ட அடித்தளம்) தினமும் உழைக்கும் இடம் மட்டும் தேய்ந்திருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. பெட்டின் முன்பக்க வழித்தடம் அதிகம் தேயும்போது கேரேஜ் நம் பக்கமாகச் சாய்கிறது, அதனுடன் டூலும் பின்வாங்குகிறது, அதனால்தான் அங்கே விட்டம் கூடுகிறது.

அனுபவமுள்ள டர்னர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, சாடிலின் ஓரங்களில் பெட்டைத் துடைத்தபடி நகரும் வைப்பர்களைக் கழற்றச் சொன்னார். ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி) இருக்க வேண்டிய இடத்தில் கல்லாக இறுகிய கரும்பசைதான் இருந்தது. வார்ப்பிரும்பைக் கடையும்போது சுருள் வராது, மாவு போன்ற தூள்தான் வரும். அதில் கிராஃபைட்டும் கடினமான துகள்களும் கலந்திருக்கும். நான் அடித்த காற்று அந்தத் தூளைத் தரையில் தள்ளியதைவிட வைப்பருக்கு அடியில் தள்ளியதே அதிகம். உள்ளே போனது எண்ணெயுடன் குழைந்து லேப்பிங் பசை (உலோகத்தைத் தேய்த்து வழவழப்பாக்கும் பசை) போலாகி, கேரேஜ் நகர்ந்த ஒவ்வொரு முறையும் பெட்டை அரைத்திருக்கிறது. இயந்திரத்தைப் பேணுவதாக எண்ணி நானே அதைத் தேய்த்திருக்கிறேன் என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

அன்றிலிருந்து லேத்தின் அருகே காற்றுக் குழாயை வைப்பதில்லை. மெயின் சுவிட்சை அணைத்த பிறகு, நீண்ட சுருள்களைக் கொக்கியாலும் தூளைப் பிரஷ்ஷாலும் எடுக்கிறேன்; சீவல் கத்தியாகக் கிழிக்கும் என்பதால் வெறுங்கையால் தொடுவதில்லை. பிறகு துணியால் பெட்டைத் துடைத்து, 68 கிரேடு ஸ்லைடுவே ஆயிலை (வழித்தடங்களுக்கான எண்ணெய்) மெல்லிய படலமாகப் பூசி, கேரேஜை ஒருமுறை முழு நீளத்துக்கும் ஓட்டுகிறேன். அப்போது வைப்பர் விட்டுச்செல்லும் எண்ணெய்க் கோடு கறுப்பாக இருந்தால், வைப்பரைக் கழற்றி மண்ணெண்ணெயில் அலசும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். வழித்தடத்தில் கிரீஸ் பூச வேண்டாம் என்று ஒவ்வொருவரையும் கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் அது தூளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எமரித் தாளால் பாலிஷ் போடும் நாளில் பெட்டை மூடிவிடுகிறேன். அந்தத் தாளிலிருந்து உதிரும் துகள் வார்ப்பிரும்புத் தூளைவிடக் கொடியது.

மறுமொழி

தங்கள் பகிர்வைப் படித்ததும் என் அனுபவம் நினைவுக்கு வந்தது, ஐயா. எங்கள் லேத்தில் மூன்று தாடை சக்கில் பிடித்த வேலை திடீரென ஆட ஆரம்பித்ததும், ஸ்பிண்டில் (சக்கைச் சுழற்றும் தண்டு) பேரிங் போய்விட்டது என்று முடிவுகட்டி, அது இருக்கும் ஹெட்ஸ்டாக்கைத் திறக்கவே தயாரானோம். கடைசி நேரத்தில் சக்கைக் கழற்றிப் பார்த்தபோது, ஸ்க்ரோலின் (தாடைகளை ஒன்றாக நகர்த்தும் சுருள் தட்டு) மரைக்குள் தட்டையாக நசுங்கிய ஒரே ஒரு சீவல்தான் கிடைத்தது. அதை எடுத்துவிட்டு, 1, 2, 3 என்ற எண் வரிசைப்படி தாடைகளைத் திரும்பக் கோத்ததும் ஆட்டம் நின்றது. இப்போதெல்லாம் சக்கைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பெட்டின்மேல் மரப்பலகை வைத்துவிட்டு, ஸ்பிண்டில் மூக்கையும் (சக் மாட்டும் முனை) சக்கின் பின்புறத்தையும் துடைத்து, விரலால் தடவிப் பார்த்த பிறகே மாட்டுகிறோம். தங்கள் லேத்தின் தேய்ந்த பெட்டை என்ன செய்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

மறுமொழி

தேய்ந்த இரும்பை எண்ணெய் திரும்பக் கொண்டுவராது, தம்பி. பெட்டைக் கிரைண்டிங் செய்வதுதான் முறையான வழி. அது கைகூடும்வரை, துல்லியம் தேவைப்படும் நீள வேலைகளைச் சக்கிலிருந்து தள்ளி, தேயாத பகுதியில் விழும்படி அமைத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வேலைக்கும் சோதனையாக ஒரு பாஸ் (ஒருமுறை வெட்டு) ஓட்டி, மூன்று இடங்களில் மைக்ரோமீட்டரால் அளந்த பிறகே இறுதி வெட்டைப் போடுகிறேன்.