மெப் வரைபடங்களுக்கு ஒரு பெயர்: ‘இடப்பங்கீட்டு வரைபடம்’

நண்பர்களுக்கு,

கட்டடத்தின் இயந்திர, மின், குழாய்ப் பணிகளைச் சேர்த்து ‘மெப்’ என்கிறோம். இவை எல்லாம் ஒன்றையொன்று இடிக்காமல் எந்த வழியில் போக வேண்டும் என்று காட்டும் தாள் ‘கோஆர்டினேஷன் டிராயிங்’. அதற்குத் தமிழ்ப் பெயராக இதுவரை வந்த பரிந்துரைகள் மூன்று: ஒருங்கிணைப்பு வரைபடம், இசைவு வரைபடம், கூட்டுச் சேவை வரைபடம். கடைசியானது சிங்கப்பூரில் வழங்கும் ‘கம்பைண்டு சர்வீசஸ் டிராயிங்’ என்பதன் நேர் பெயர்ப்பு. படிப்பவர் கூட்டுறவுச் சங்கத்தைத்தான் நினைப்பார். ‘இசைவு’ என்றால் அனுமதி. கட்டுமானத் துறையில் ஒப்புதலுக்கு அனுப்பும் வரைபடங்கள் வேறு இருப்பதால், இரண்டும் குழம்பிப் போகும். ‘ஒருங்கிணைப்பு’ பிழையில்லை, ஆனால் மாநாட்டுக்கும் பொருந்தும், மழைநீர் வடிகாலுக்கும் பொருந்தும்.

சொல்லைத் தேடுமுன் அந்தத் தாள் என்ன வேலை செய்கிறது என்று பார்ப்போம். தளத்துக்குத் தளம் 3.9 மீட்டர் உயரமுள்ள ஓர் அலுவலகக் கட்டடம். ஃபால்ஸ் சீலிங் 2.7 மீட்டரில் வருகிறது. மீதி 1,200 மி.மீ. அதில் மேல்தளப் பூச்சுக்கு 50, தளத்தோடு சேர்த்து பீமுக்கு 600 போனால் மிஞ்சுவது 550. ஏசி டக்ட்டின் (குளிர்காற்று போகும் தகரக் குழல்) உயரம் 350. அதைச் சுற்றும் வெப்பக் காப்புறை மேலும் கீழும் 25 வீதம் ஏறினால் 400. விளக்குக்கும் சீலிங் சட்டத்துக்கும் 100. இருப்பது 50 மி.மீ. இதற்குள் டக்ட்டைக் குறுக்கே கடக்க தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் குழாய், ஏசிக்கான குளிர்நீர்க் குழாய், மின்கம்பிகளைத் தாங்கும் கேபிள் டிரே, கழிவுநீர்க் குழாய் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. கழிவுநீர்க் குழாய் யாருக்கும் வளைந்து கொடுக்காது. 100-க்கு 1 சரிவு என்றால் 10 மீட்டரில் 10 செ.மீ. இறங்கியே தீரும். அதனால் அதற்கு முதலிடம், அடுத்து பெரிய டக்ட், பிறகு ஸ்பிரிங்க்ளர், குளிர்நீர் போன்ற அழுத்தக் குழாய்கள், எப்படியும் திருப்பிக்கொள்ளலாம் என்பதால் டிரே கடைசியில். நீர்க்குழாய்க்கு நேர் கீழே டிரே போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, எந்தக் குழாய்க்கு எந்த உயரம், எவ்வளவு அகலம் என்று பிரித்துக் கொடுப்பதுதான் இந்தத் தாளின் வேலை. எனவே என் பரிந்துரை ‘இடப்பங்கீட்டு வரைபடம்’. தேர்தல் காலத்துத் தொகுதிப் பங்கீடு நினைவுக்கு வந்தால் வரட்டும், பேரமும் ஏறக்குறைய அதே தரம்தான். கட்டடக்கலைஞர் அறைகளை வகுப்பதோடு இது குழம்பாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். அது இடத் திட்டமிடல். ‘பங்கீடு’ என்றாலே உரிமை கேட்பவர் பலர் இருக்கிறார்கள் என்று ஆகிவிடுகிறது. இதற்காக நடக்கும் கூட்டங்களுக்கும் பணிக்கும் ‘ஒருங்கிணைப்பு’ அப்படியே இருக்கட்டும்.

வரைபடத்தில் இரண்டு பொருள்கள் ஒரே இடத்தைப் பிடிப்பதுதான் ‘கிளாஷ்’. அதற்கு ‘மோதல்’ வேண்டாம். ஓடி வருகிற இரண்டுதான் மோதும். “டக்ட் பீமில் முட்டுகிறது” என்றுதான் கட்டுமான இடத்தில் சொல்வார்கள். ‘முட்டல்’ என்றே வைக்கலாம். நேவிஸ்வொர்க்ஸ் போன்ற மென்பொருள் தரும் பட்டியல் ‘முட்டல் அறிக்கை’. ‘சாஃப்ட் கிளாஷ்’ என்பதை ‘மென்முட்டல்’ என்று எழுதியிருப்பது எனக்கு உவப்பாக இல்லை. அங்கே எதுவும் முட்டவில்லை. வால்வைத் திருகக் கை நுழையவோ, வடிகட்டியைக் கழற்றவோ இடம் போதவில்லை, அவ்வளவுதான். அதற்கு ‘நெருக்கம்’ போதும். காப்புறையை வரையாமல் வெறும் குழாயை மட்டும் வரைந்துவிட்டு ‘முட்டல் இல்லை’ என்று அறிக்கை தருகிறவர்களுக்கும் ஒரு சொல் தேவைப்படும். அதை அச்சில் ஏற்ற முடியாது.

பொருத்துகிறவர்கள் பார்த்து வேலை செய்யும் விரிவான தாளான ‘ஷாப் டிராயிங்’ என்பதைப் பணிமனை வரைபடம் என்றால் லேத் பட்டறைதான் கண்ணில் தெரியும். ‘நிறுவல் வரைபடம்’ சரியாக வரும். வேலை முடிந்தபின் உள்ளதை உள்ளபடி காட்டும் ‘ஆஸ் பில்ட்’ என்பதற்குக் ‘கட்டியபடி வரைபடம்’.

பாக்கி ‘ஸ்லீவ்’. பீமிலும் சுவரிலும் குழாய் கடக்க, கான்கிரீட் போடுமுன்பே வைத்துவிடும் உறை அது. ‘புழை’ என்பது பொருந்தும், ஆனால் அது துளையைக் குறிக்குமே தவிர உறையைக் குறிக்காது. ‘புழையுறை’ எப்படி? கட்டுமான இடத்தில் வேலை செய்பவர்கள் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.