4 வடிவக் கல்பொறி: சரியான நேரத்தில் விழாதது ஏன்?

கேள்வி:
மூன்று குச்சிகளை 4 என்ற எண்ணின் வடிவில் பொருத்தி, தட்டைக் கல்லொன்றைச் சாய்வாகத் தாங்கவைத்து, சிறு விலங்கு பிடிக்கும் பொறியைப் பழகி வருகிறேன். சில வேளை கையை எடுத்தவுடனேயே கல் விழுகிறது. சில வேளை இரைக்குச்சியை, அதாவது நுனியில் இரை வைக்கும் கிடைக்குச்சியை, நன்றாக அசைத்தாலும் விழுவதில்லை. தவறு எங்கே இருக்கக்கூடும்?

பதில் 1:
பெரும்பாலும் வெட்டுகளில்தான். நிமிர்ந்த குச்சியின் பக்கத்தைச் சதுரமாகச் சீவி, கிடைக்குச்சியின் நடுவெட்டு அந்த விளிம்பை மட்டும் பற்றுமாறு அமைத்தால் சிறு அசைவே போதும். உருண்டையாக விட்டால் வழுக்கும், ஆழமாக வெட்டினால் சிக்கிக்கொள்ளும். பச்சைக் குச்சி வளையும் என்பதால் காய்ந்த, உறுதியான மரமே நல்லது. நிமிர்ந்த குச்சி மண்ணில் புதையாதிருக்க அடியில் தட்டையான கல் வையுங்கள்.

பதில் 2:
இவ்வகைக் கல்பொறிக்குப் பழந்தமிழில் அடார் என்றே பெயர் உண்டு. விலங்கு வதைபடாமல் உடனே இறக்க வேண்டுமானால், கல் அதன் எடையைப்போலப் பல மடங்கு கனமாக இருக்க வேண்டும். இரையும் ஓரத்தில் அல்லாமல் நன்கு உள்ளே இருக்க வேண்டும்.

பதில் 3:
பொருத்தும்போது கல்லுக்கு அடியில் தடித்த கட்டையொன்றை முட்டுக்கொடுங்கள். ஒருவரின் விரல் நசுங்கியதை நேரில் கண்டதால் வலியுறுத்திச் சொல்கிறேன். உயிர் காக்கும் நெருக்கடி இல்லாத பயிற்சியில் இரை வைக்காதீர்கள். கிளம்பும் முன் பொறியைக் கலைத்துவிடுங்கள்.