ஒட்டுக்கேட்ட பேச்சு சாட்சியமாக நிற்குமா?

அண்ணாச்சிமாரே, குற்றவியல் வழக்கறிஞர்கள் யாராவது வழி சொல்லுங்கள். அம்பாசமுத்திரத்தில் இருக்கும் என் அண்ணன் மீது 2022-இல் போட்ட லஞ்ச வழக்கு பாளையங்கோட்டையில் நடக்கிறது. அவர் செல்போனை ஒட்டுக்கேட்டுப் பதிந்த 11 உரையாடல்கள்தான் முக்கியச் சாட்சியம்.

ஒட்டுக்கேட்க அமெரிக்காவில் போல நீதிபதி அனுமதி இங்கே தேவையில்லை. அப்போதிருந்த 1885 தந்திச் சட்டம் 5(2) பிரிவின்படி உள்துறைச் செயலாளர் உத்தரவு போதும். ஆனால் அப்போதைய தந்தி விதிகளில் 419ஏ விதிப்படி, அந்த உத்தரவு சரியா என்று பார்க்கும் அரசு மறுஆய்வுக் குழு அதை இரண்டு மாதத்துக்குள் பார்த்திருக்க வேண்டும். எங்களுக்குத் தந்த நகல்களில் உத்தரவு இருக்கிறது, மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்கத் தேவையான 65பி சான்றிதழும் இருக்கிறது. குழு பார்த்ததற்கு ஒரு தாள்கூட இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டேன், மறுத்துவிட்டார்கள். நீதிமன்றத்தில் மனுவும் போட்டோம், வாய்தா மேல் வாய்தா.

முறைதவறி எடுத்த பதிவும் சாட்சியமாகலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 1972 மல்கானி தீர்ப்பைக் காட்டுகிறார் எங்கள் வக்கீல். ஆனால் 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் இதே போன்ற லஞ்ச வழக்கில் ஒட்டுக்கேட்பு உத்தரவையே ரத்து செய்து, அந்தப் பதிவுகளைப் பயன்படுத்தக் கூடாது என்றதே! அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

விசாரணை நீதிமன்றத்திலேயே பதிவுகளை எதிர்த்தால் போதுமா, இல்லை உத்தரவை ரத்து செய்யக் கேட்டு மதுரைக் கிளைக்குப் போக வேண்டுமா?