மிளகு நிலாவை மறைக்குமா, மறைக்காதா?

ராத்திரிராஜா | இரவு 9:12
நேத்து வேற ஒரு இழையில நம்ம கணக்குவாத்தியார் போற போக்குல ஒண்ணு எழுதிட்டுப் போனார். படிச்சதுலேர்ந்து உறுத்துது. அப்படியே எடுத்துப் போடறேன்:

"கீழ்வானத்தில் நிலா பெரிதாகத் தெரிகிறது என்பதெல்லாம் கண் செய்யும் மோசடி. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி ஒரு மிளகைப் பிடியுங்கள். முழு நிலாவும் மறைந்துவிடும். உதிக்கும்போதும் மறையும், உச்சிக்கு வந்த பிறகும் மறையும். தாம்பாளம் அளவு நிலா பார்த்தேன் என்பவர்கள் கொஞ்சம் கணக்குப் படிக்கலாம்."

இன்னைக்குப் பௌர்ணமி. சாயங்காலம் பெசன்ட் நகர் பீச்சுல நின்னேன். கடலுக்குள்ளேர்ந்து எழுந்து வந்துச்சு, செம்பு கலர்ல. தாம்பாளமேதான். சுண்டல் விக்கிற பையன் கூடையை இறக்கி வச்சுட்டு வாயைப் பொளந்து பார்த்தான். அவன்கிட்டப் போயி "தம்பி, இது உன் கண்ணோட மோசடி, ஒரு மிளகு இருந்தா குடு"ன்னு கேக்கணுமா? மிளகாம் மிளகு.

கணக்குவாத்தியார் | இரவு 9:31
எழுதியது நான்தான். ஒரு எழுத்தும் மாற்றப் போவதில்லை. நிலாவின் விட்டம் 3,474 கி.மீ. சராசரி தூரம் 3,84,400 கி.மீ. வகுத்தால் 110 சொச்சம். அதாவது எந்தப் பொருளையும் அதன் விட்டத்தைப்போல் 110 மடங்கு தள்ளிப் பிடித்தால் அது நிலா அளவுக்குத் தெரியும். நீட்டிய கை 55 செ.மீ. 110-ஆல் வகுங்கள். 5 மி.மீ. ஒரு மிளகு. இதில் பீச்சும் சுண்டலும் எங்கிருந்து வந்தன?

ராஜாவுக்கு வகுத்தல் கொஞ்சம் சிரமம் என்பது இங்கே பழையவர்களுக்குத் தெரியும். சம்பளத்தை 10 சதவீதம் வெட்டிவிட்டு மறுபடி 10 சதவீதம் கூட்டினால் பழைய சம்பளமே வந்துவிடும் என்று மூன்று நாள் சண்டை போட்டவர். 100, 90, 99. இப்போதாவது ஒப்புக்கொண்டாரா தெரியவில்லை.

ராத்திரிராஜா | இரவு 9:36
வந்துட்டாருய்யா அந்த 99-ஐத் தூக்கிக்கிட்டு. நான் கேட்டது ஒரே கேள்வி. கீழ்வானத்துல நிலா பெருசாத் தெரியுதா இல்லையா?

கணக்குவாத்தியார் | இரவு 9:38
மிளகு மறைக்கும்.

மழைக்கிளி | இரவு 9:50
முதல்ல "பெருசு"ன்னா என்னன்னு ரெண்டு பேரும் சொல்லிட்டு அப்புறம் சண்டை போடுங்களேன். கோண அளவா (கண்ணுலேர்ந்து பார்த்தா எத்தனை டிகிரி அடைக்குதுங்கறது), கண்ணுக்குப் படற அளவா? தாம்பாளம்னு சொல்றீங்க ராஜா, எவ்வளவு தூரத்துல வச்ச தாம்பாளம்? எங்க வீட்டுத் தாம்பாளம் 35 செ.மீ. அதை 38 மீட்டர் தள்ளி வச்சா நிலா அளவுக்குத்தான் தெரியும். அப்ப தாம்பாளமும் சரி, மிளகும் சரி.

பொறியாளன்77 | இரவு 9:58
இதுல விவாதிக்க என்ன இருக்கு? காற்று மண்டலம் ஒரு லென்ஸ் மாதிரி வேலை செய்யுது. கீழ்வானத்துல வெளிச்சம் அதிகக் காற்றைத் தாண்டி வருது. அதான் பெருசாகுது. பள்ளிக்கூடத்துப் பாடம்.

கணக்குவாத்தியார் | இரவு 10:14
பள்ளிக்கூடத்தில் அந்த நாள் லீவு எடுத்திருப்பீர்கள். காற்று ஒளியை வளைக்கிறது, உண்மை. ஆனால் நிலாவின் கீழ் விளிம்பை மேல் விளிம்பைவிட அதிகமாகத் தூக்குகிறது. விளைவு, நிலா மேலிருந்து கீழாக நசுங்கி இட்லி மாதிரி ஆகும். அகலம் கூடாது. ஆகக் காற்று செய்வது சிறிதாக்கும் வேலை. இன்னொன்று: உதிக்கும் நிலா, உச்சியில் நிற்பதைவிடக் கிட்டத்தட்ட பூமியின் ஆரம் அளவு, 6,000 கி.மீ.க்கு மேல், கூடுதல் தொலைவில் இருக்கிறது. அதனால் இன்னும் ஒன்றரை சதவீதம் சிறிது. நீங்கள் தாம்பாளம் என்று வாய் பிளந்து நிற்கும் நேரத்தில்தான் அன்றைக்கு நிலா இருப்பதிலேயே சின்னது. போனில் படம் பிடித்துப் பாருங்கள், பொட்டு மாதிரி விழும். மிளகு இன்னும் சுலபமாக மறைக்கும்.

பொறியாளன்77 | இரவு 10:17
லென்ஸ்னு நான் சொன்னது ஒரு உவமைக்கு.

கணக்குவாத்தியார் | இரவு 10:18
உவமையும் தப்பு.

நாஞ்சிலான் | இரவு 10:25
எங்க கன்னியாகுமரியில வந்து பாருங்க சாமி. சித்ரா பௌர்ணமி அன்னைக்கு ஒரு பக்கம் சூரியன் இறங்கும், அதே நேரம் இன்னொரு பக்கம் நிலா ஏறும். ரெண்டும் ஒரே சைஸ், ரெண்டுமே பெருசு. அதைப் பார்த்தவன் எவனும் மிளகு எடுக்க மாட்டான். அப்புறம் அது மிளகு இல்ல, நல்லமிளகு. மிளகுன்னு மட்டும் சொன்னா எந்த மிளகுன்னு கேக்கணும்.

கொல்லிமலைமண்டி | இரவு 10:33
என்னது, மிளகுன்னா எந்த மிளகுன்னு கேக்கணுமா? மிளகுன்னா மிளகுதான். மத்தது மிளகாய். இதுல நல்லது கெட்டதுன்னு என்ன?

நாஞ்சிலான் | இரவு 10:35
எங்க பாட்டி கடைசி வரைக்கும் நல்லமிளகுன்னுதான் சொன்னா. உங்க மண்டிக்காக மாத்த முடியாது.

ராத்திரிராஜா | இரவு 11:05
பண்ணிட்டேன். ரச மிளகு ஒண்ணு எடுத்துக்கிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். ஒரு கண்ணை மூடி, கையை நீட்டி, விரல் நுனியில பிடிச்சேன். ரெண்டு பக்கமும் வெளிச்சம் கசியுது. மறைக்கல. நாலு மிளகு மாத்திப் பார்த்தேன். மறைக்கல. எழுதி வச்சுக்கங்க வாத்தியாரே: ம றை க் க ல.

கணக்குவாத்தியார் | இரவு 11:09
ரசத்துக்குப் போடும் சூம்பிப்போன மிளகு. நான் சொன்னது 5 மி.மீ.

ராத்திரிராஜா | இரவு 11:10
5 மி.மீ.ன்னு நீங்க அப்ப எழுதவே இல்ல. "ஒரு மிளகு"ன்னுதான் இருக்கு. மேல போட்டிருக்கேன், படிங்க.

கொல்லிமலைமண்டி | காலை 7:20
இருவது வருஷமா சல்லடை பிடிக்கிறவன் சொல்றேன், கேட்டுக்கங்க. தலச்சேரி எக்ஸ்ட்ரா போல்டுன்னு ஒரு தரம். 4.25 மி.மீ. சல்லடைக்கு மேல நிக்கணும். அதுக்கும் மேல ஸ்பெஷல், 4.75 மி.மீ. இதுவே ஏற்றுமதி சரக்கு. 5 மி.மீ. மிளகு மளிகைக்கடைப் பொட்டலத்துல பொறுக்கித்தான் எடுக்கணும். வாத்தியார் எந்த ஊர் மிளகைச் சொல்றார்?

ராத்திரிராஜா | காலை 7:41
அப்படிப் போடுங்க அண்ணாச்சி! 4.75-ஐ 110-ஆல பெருக்கினா 52 செ.மீ. எனக்கும் பெருக்க வரும். நான் ஆறடி. கண்ணுலேர்ந்து விரல் நுனி வரைக்கும் டேப் வச்சு அளந்தேன், 64 செ.மீ. எனக்கு 5.8 மி.மீ. மிளகு வேணும். அப்ப வாத்தியாரோட விதி குள்ளமானவங்களுக்கு மட்டும்தானா?

கணக்குவாத்தியார் | காலை 8:02
என் உயரத்தை யாரும் விவாதத்துக்கு இழுக்க வேண்டாம். முழங்கையைக் கொஞ்சம் மடக்கினால் தீர்ந்தது.

ராத்திரிராஜா | காலை 8:03
"கையை நீட்டி"ன்னு எழுதினது யாரு?

சித்தர்வழி | காலை 8:30
அடிப்படையே தவறு. 110 இல்லை, 108. நிலாவின் தூரம் நிலா விட்டத்தைப் போல் 108 மடங்கு. சூரியனின் தூரம் சூரிய விட்டத்தைப் போல் 108 மடங்கு. ஜபமாலையில் ஏன் 108 மணி என்று யோசித்தீர்களா? டெலஸ்கோப் இல்லாத காலத்திலேயே நம் முன்னோர் அளந்து கோத்து வைத்துவிட்டார்கள். மிளகு பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

கணக்குவாத்தியார் | காலை 9:15
சூரியனுக்கு 107-ம் சொச்சமும், கிட்டத்தட்டச் சரி. நிலாவுக்கு அப்படி ஒற்றை எண்ணே கிடையாது. பூமிக்கு நெருங்கி வரும்போது 3,63,000 கி.மீ., விலகும்போது 4,05,000 கி.மீ. விட்டத்தால் வகுத்தால் 104 முதல் 117 வரை மாதாமாதம் ஏறி இறங்குகிறது. வழியில் 108-ஐயும் தாண்டும், 112-ஐயும் தாண்டும். 112 மணி மாலை எங்கே? முன்னோர் கோத்தார்கள் என்றால் எப்படி அளந்தார்கள் என்று ஒரு வரி காட்டுங்கள், நானே மாலை போட்டுக்கொள்கிறேன்.

சித்தர்வழி | காலை 9:22
மிளகை நம்புகிறவர் மாலையை நம்ப மாட்டார்.

நாஞ்சிலான் | காலை 9:40
நல்லமிளகு.

மழைக்கிளி | காலை 10:05
இன்னும் யாரும் "பெருசு"ன்னா என்னன்னு சொல்லல. சரி, என் வழியில சொல்றேன். தெருக்கோடியில பால் வாங்கிட்டு வர்ற என் வீட்டுக்காரர், கட்டை விரலை நீட்டிப் பிடிச்சா அதுக்குப் பின்னால மறைஞ்சு போயிடுவார். அதுக்காக "ஐயோ, இவ்வளவு குட்டியாயிட்டாரே"ன்னு நான் பதறுறதில்ல. தூரத்துல இருக்கார்னு மூளை கணக்குப் பண்ணி முழு ஆளாக் காட்டுது. கீழ்வானத்துல நிலாவுக்கு முன்னால வீடு, மரம், கடல் எல்லாம் வரிசையா இருக்கு. அதனால அது ரொம்பத் தள்ளி இருக்கறதா மூளை எடுத்துக்கிட்டு, அந்தக் கணக்குலயே பெருசாக் காட்டுது. உச்சியில எதுவும் இல்ல, வெறும் வானம். ஆயிரம் வருஷம் முன்னாலயே இப்னு அல் ஹைதம்னு ஒரு அரபு விஞ்ஞானி ஏறக்குறைய இந்த மாதிரிதான் சொன்னார். 1962-ல காஃப்மன், ராக்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் சோதனை பண்ணி இதைத்தான் ஆதரிச்சாங்க. "அப்ப நிலா ஏன் கிட்ட வந்த மாதிரி இருக்கு"ன்னு எதிர்க்கேள்வி கேக்கறவங்களும் இருக்காங்க, அது இன்னும் முடியல. ஆனா கண்ணு மோசடி பண்ணலை. தினமும் பண்ற வேலையை நிலாவுக்கும் பண்ணுது, அவ்வளவுதான்.

ராத்திரிராஜா | காலை 10:11
பார்த்தீங்களா வாத்தியாரே, மோசடி இல்லையாம். மிளகு மறைக்கலன்னு அவங்களே சொல்லிட்டாங்க.

மழைக்கிளி | காலை 10:12
நான் எங்க சொன்னேன்?

கண்ணாடிக்கடை | காலை 11:30
ரெண்டு நாளா வாசிச்சுட்டு சும்மா இருக்க முடியல. ராஜா சொன்ன கசிவு மிளகோட தப்பு இல்ல, கையோட தப்பும் இல்ல. கண் பாப்பா. இருட்டுல அது 5 மி.மீ.க்கு விரியும், சிலருக்கு இன்னும் கூட. மிளகும் 5, பாப்பாவும் 5. பாப்பாவோட ஒரு ஓரம் மிளகுக்கு வெளிய எட்டிப் பார்த்துக்கிட்டே இருக்கும், அது வழியா வெளிச்சம் வரும். முழுசா மறையணும்னா நிலாவுக்கு ஒரு 5, பாப்பாவுக்கு ஒரு 5, மொத்தம் 10 மி.மீ. வேணும். மிளகு பத்தாது. கொண்டைக்கடலை எடுங்க.

ராத்திரிராஜா | காலை 11:32
கொண்டைக்கடலை!!! சுண்டல் பையன் கூடையில அன்னைக்கே இருந்துச்சு. நான் அப்பவே சொன்னேன்.

கணக்குவாத்தியார் | காலை 11:58
நீங்கள் சுண்டலைப் பற்றிச் சொன்னது வேறு அர்த்தத்தில். கண்ணாடிக்கடைக்காரருக்கு: பாப்பா ராத்திரியில்தானே விரியும்? பௌர்ணமி கழிந்த மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு மேற்கே பாருங்கள், நல்ல வெளிச்சத்தில் நிலா நிற்கும். பாப்பா சுருங்கி இருக்கும். மிளகு மறைக்கும்.

கண்ணாடிக்கடை | மதியம் 12:20
பகல்ல சுருங்கினாலும் பாப்பா 2 மி.மீ. இருக்கும் சார். 5-ம் 2-ம் 7. அப்பவும் பட்டாணி அளவு வேணும்.

கணக்குவாத்தியார் | மதியம் 12:41
நான் சொன்னது கோண அளவு. மிளகின் கோண அளவும் நிலாவின் கோண அளவும் அரை டிகிரி. சமம். வடிவியல் எனக்குப் பாப்பாவைப் பற்றி எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை.

ராத்திரிராஜா | மதியம் 12:44
"முழு நிலாவும் மறைந்துவிடும்." உங்க வார்த்தை. சமம்னு எழுதல. மறைந்துவிடும்னு எழுதினீங்க.

பொறியாளன்77 | மதியம் 1:10
காற்று மண்டலத்தை யாரும் கணக்குல எடுக்கவே இல்ல.

கணக்குவாத்தியார் | மதியம் 1:12
எடுத்தாயிற்று. இட்லி.

நாஞ்சிலான் | இரவு 8:15
இன்னொரு சோதனை இருக்கு. நிலா ஏறும்போது திரும்பி நின்னு, குனிஞ்சு, ரெண்டு காலுக்கு நடுவுல பாருங்க. அந்தப் பெருசு காணாமப் போயிரும். நல்லமிளகும் வேண்டாம், கடலையும் வேண்டாம்.

ராத்திரிராஜா | இரவு 8:52
செஞ்சேன். நிஜமாவே சுருங்குது, அதை மறுக்கல. எதிர்வீட்டு மாமி அந்த நேரம் பார்த்து மாடி லைட்டைப் போட்டுட்டாங்க. "நிலா பார்க்கறேன் மாமி"ன்னு சொன்னேன். ஒண்ணும் பேசாம உள்ள போய்க் கதவைச் சாத்திட்டாங்க. வாத்தியாரோட ஒரு வரிக்காக நான் தெருவுல தலைகாட்ட முடியல.

கணக்குவாத்தியார் | இரவு 9:05
குனியச் சொன்னது நான் இல்லை. நான் நேராக நின்று மிளகு பிடிக்கச் சொன்னேன். என் மாடியில் இப்போதுதான் பிடித்துவிட்டு இறங்கினேன். மறைத்தது.

ராத்திரிராஜா | இரவு 9:06
படம்?

கணக்குவாத்தியார் | இரவு 9:09
ஒரு கையில் மிளகு, இன்னொரு கையால் கண்ணைப் பொத்தியிருக்கிறேன். படம் எந்தக் கையால் எடுப்பது?

கொல்லிமலைமண்டி | இரவு 9:30
சண்டை வேணாம். மூட்டையைக் கொட்டிப் பொறுக்கி, 5.5 மி.மீ.க்கு மேல பத்து மிளகு எடுத்து வச்சிருக்கேன். ஆளுக்கு அஞ்சு. சரக்குக்குக் காசு வேணாம், கூரியர் செலவு மட்டும் குடுத்தாப் போதும். அடுத்த பௌர்ணமிக்கு ரெண்டு பேரும் ஒரே இடத்துல நின்னு பிடிங்க.

மழைக்கிளி | இரவு 9:34
கூடவே ரெண்டு கொண்டைக்கடலை.

கணக்குவாத்தியார் | இரவு 9:47
கூரியர் செலவு நான் தர மாட்டேன். மறைக்காது என்று சொன்னவர் ராஜா. அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

ராத்திரிராஜா | இரவு 9:48
மறைக்கும்னு சொன்னவர்தான் நிரூபிக்கணும்.

சித்தர்வழி | இரவு 9:50
108.