2013இல் வாங்கிய மேசைக் கணினி: வைத்திருப்பதா, மடிக்கணினிக்கு மாறுவதா?

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்)

அனைவருக்கும் வணக்கம். அச்சகங்களுக்குத் திருமண அழைப்பிதழ்களையும், மாணவர்களுக்கு ஆய்வேடுகளையும் வீட்டிலிருந்தபடியே தட்டச்சு செய்து கொடுத்து வருகிறேன். 2011 டிசம்பரில் தானே புயலின்போது கூரை ஒழுகி முதல் கணினி வீணானது. அதன் பிறகு வாங்கியதுதான் இன்றுவரை உழைக்கிறது: மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10.

காலையில் பொத்தானை அழுத்திவிட்டு, வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கிறது. மழைக்காலத்தில் சில நாட்கள் 'பீப், பீப்' என்று கத்துவதோடு சரி, திரையில் ஒன்றும் வருவதில்லை. யுபிஎஸ் பேட்டரியை எத்தனை முறை மாற்றினாலும், மின்சாரம் போனால் கோப்பைச் சேமித்து அணைக்கத்தான் நேரம் கிடைக்கிறது. ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது, எங்கள் தெருவிலும் நீர் ஏறிவிடுமோ என்று அஞ்சி, மானிட்டரையும் சிபியுவையும் கட்டிலில் ஏற்றி வைத்துவிட்டு இரவு முழுவதும் விழித்திருந்தோம். மடிக்கணினியாக இருந்தால் பையில் போட்டுக்கொண்டு கிளம்பியிருக்கலாம் என்கிறான் மகன். ஆனால் பாமினி எழுத்துருவில் பல ஆண்டுக் கோப்புகள், பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்தவை உட்பட, என்னிடம் உள்ளன. என்ன செய்யலாம்?

பதில் 1 (வைத்திக்குப்பம், புதுச்சேரி)

உங்கள் மகன் சொல்வதே சரி, அம்மா. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு, அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகள், 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. இன்டெல் செயலிகளில் எட்டாம் தலைமுறைக்கு முந்தையவற்றை, மிகச் சிலவற்றைத் தவிர, விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. இனி அந்தக் கணினிக்குச் செலவழிப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

பதில் 2 (திருப்பாதிரிப்புலியூர், கணினி பழுதுநீக்குபவர்)

ஓட்டைப் பானை என்று அதற்குள் முடிவு கட்ட வேண்டாம். கடலோரத்தில் பழுதுக்கு வரும் கணினிகளில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான்: உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்து ரேமின் பொன்னிற முனைகளைக் கறுக்கச் செய்துவிடும். மின்இணைப்பை முழுவதுமாகத் துண்டித்து, ரேமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் அழிப்பானால் அந்த முனைகளை மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பொருத்தினால், பெரும்பாலும் அந்தக் கத்தல் நின்றுவிடும். வட்டம் சுற்றுவதற்கு முதல் காரணம் ஹார்ட் டிஸ்க். அதற்குப் பதிலாக, அதைவிட வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி 240 ஜிபியில் ஒன்றும், பழைய டிடிஆர்3 வகை ரேம் 4 ஜிபி கூடுதலாகவும் போட்டால், மேலும் இரண்டு ஆண்டுகள் தட்டச்சுக்குத் தாராளமாகப் போதும். நல்ல மடிக்கணினியின் விலையில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் செலவாகும். வங்கிக் கணக்கை மட்டும் அதில் திறக்காதீர்கள்; விண்டோஸ் 10 ஆதரவு முடிந்த விஷயத்தில் முதல் பதில் எழுதியவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை.

மடிக்கணினியை உப்புக் காற்று விட்டுவிடும் என்றும் எண்ண வேண்டாம். மேசைக் கணினியில் பவர் சப்ளை போனால் அதை மட்டும் மாற்றலாம். மடிக்கணினியில் மதர்போர்டு அரித்துப்போனால், பல நேரங்களில் புதிதாக வாங்குவதே மேல் என்று வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

பதில் 3 (லாசுப்பேட்டை, மெய்ப்புத் திருத்துநர்)

நான் நான்கு ஆண்டுகளுக்கு முன் மாறியவன். மின்வெட்டைப் பற்றிய கவலை போனது உண்மை. ஆனால் பதினைந்து அங்குலத் திரையைக் குனிந்து பார்த்தே மூன்று மாதத்தில் கழுத்துவலி வந்துவிட்டது. இப்போது பழைய மானிட்டரையும் விசைப்பலகையையும் மடிக்கணினியோடு இணைத்துத்தான் வேலை செய்கிறேன். பழைய மானிட்டரில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டும் இருந்தால், மடிக்கணினியின் எச்டிஎம்ஐயிலிருந்து அதற்கு மாற்றும் இணைப்பான் ஒன்று தேவைப்படும்.

பாமினிக்காக அஞ்ச வேண்டாம். எழுத்துருக் கோப்பை நகலெடுத்து நிறுவினால் போதும். பேஜ்மேக்கர்தான் சிக்கல்; பழைய மென்பொருள் என்பதால் புதிய கணினியில் ஓடாமல் போகலாம். கடையில் பணம் கொடுப்பதற்கு முன், உங்களிடம் உள்ள மென்பொருளையும் பழைய அழைப்பிதழ்க் கோப்பு ஒன்றையும் பென் டிரைவில் கொண்டுபோய், அந்தக் கணினியிலேயே நிறுவித் திறந்து பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று மாலை மூடியைக் கழற்றிப் பார்த்தோம். ரேமின் முனைகள் கறுத்துத்தான் இருந்தன. அழிப்பானால் தேய்த்த பிறகு முதல் முறையிலேயே திரை வந்துவிட்டது. ரேம் பொருத்தும் இரண்டு இடங்களில் ஒன்று காலியாக உள்ளது. எனவே இப்போதைக்கு எஸ்எஸ்டியும் ரேமும் போட்டுக்கொள்கிறோம். மடிக்கணினியை மகன் கல்லூரியில் சேரும்போது வாங்குவோம். வங்கி வேலைகளை அதுவரை கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறேன். பழைய ஹார்ட் டிஸ்கைக் கழற்றிய பிறகு, அதில் உள்ள கோப்புகளை அப்படியே காப்பு நகலாக வைத்திருக்கலாமா?

பதில் 2

அதை மட்டுமே நம்ப வேண்டாம், அம்மா. அதற்கும் உங்கள் கணினியின் வயதுதான். முக்கியமான கோப்புகளைப் புதிய வெளி வன்தட்டு ஒன்றிலும் நகலெடுத்து, மழைக்கு முன் உயரமான அலமாரியில் வைத்துவிடுங்கள்.