பெட்டியில் ‘அப்படியே பொருந்தும்’ என்றுதான் போட்டிருந்தது

நோவை_69:
எழுதினாலாவது மனசு ஆறுமா என்று பார்க்கிறேன். 1969 செவர்லே கமாரோ, 350 கன அங்குல என்ஜின், ஆட்டோமேட்டிக் கியர். என்ஜினைத் தாங்கும் பழைய ரப்பர் மவுண்ட் ரெண்டும் எண்ணெய் குடித்துக் குடித்து அல்வா மாதிரி ஆகிவிட்டதால் புது செட் வாங்கினேன். யார் செய்தது என்ற பெயர் வேண்டாம். ‘அப்படியே பொருந்தும், எந்த மாற்றமும் தேவையில்லை’ என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் இருந்தது. இடது பக்கம் பத்து நிமிஷத்தில் உட்கார்ந்தது. வலது பக்கம், மவுண்ட் உட்காரும் இரும்பு ஸ்டாண்டுக்குள் முன்னும் பின்னும் கொஞ்சம் சந்து இருந்தது, வாஷர் கொடுத்து அடைத்தேன். அதை விடுங்கள், கதை அது இல்லை.

மவுண்ட்டையும் ஸ்டாண்டையும் சேர்த்துக் கோக்கும் குறுக்கு போல்ட்தான் கதை. டிசம்பர், இரவு பதினோரு மணி, மிச்சிகன் குளிர். என்ஜின் கிரேன் செயினில் தொங்குகிறது. நான் அட்டையைப் போட்டு அடியில் படுத்து ஓட்டைக்குள் டார்ச் அடிக்கிறேன். வட்டமாகத் தெரியவேண்டிய இடத்தில் மூன்றாம் பிறை மாதிரி ஒரு கீற்று வெளிச்சம். ஜாக்கியை ஏற்றினேன், இறக்கினேன், கடப்பாரையால் நெம்பினேன். பிறை கொஞ்சம் வளரும், கொஞ்சம் தேயும். பௌர்ணமி மட்டும் வரவே இல்லை. கடைசியில் உருண்டை அரத்தை எடுத்து மவுண்ட்டின் ஓட்டையை நீளவாக்கில் ராவிவிட்டேன். போல்ட் போய்விட்டது. மனைவி கதவைத் திறந்து, “இந்நேரத்துல என்னங்க அறுக்கிறீங்க?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வண்டி ஓடுகிறது. ஆனால் ரிவர்ஸில் இருந்து டிரைவுக்கு மாற்றும்போதெல்லாம் வலது பக்கம் ஒரு ‘டொக்’. அது மவுண்ட்டின் சத்தமா, என் அரத்தின் சத்தமா என்று மூன்று மாதமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இம்பாலாக்காரன்:
ஓட்டை சேராத மவுண்ட்டாவது உங்களைக் கேரேஜிலேயே நிறுத்திவைத்தது. எனக்கு அழகாகச் சேர்ந்த மவுண்ட் என்ன செய்தது என்று கேளுங்கள்.

1966 இம்பாலா எஸ்எஸ், 327. இடது மவுண்ட் புதுசு, போட்டு எட்டு மாதம்கூட ஆகவில்லை. டெட்ராய்ட் பக்கம் வருஷா வருஷம் நடக்கும் பழைய வண்டி ஊர்வலமான ட்ரீம் க்ரூஸுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை, உட்வர்ட் அவென்யூவில் ஒரு சிக்னல். ஓரத்தில் ஜனங்கள் நாற்காலி போட்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். பச்சை விழுந்தது, நாலு பேர் பார்க்கிறார்களே என்று கொஞ்சம் அழுத்தினேன். ஹூடுக்கு அடியில் ‘டமார்’. பெடலில் இருந்து காலை எடுத்துவிட்டேன், ஆனால் வேகம் குறையவில்லை. என்ஜின் இடது பக்கமாக எழும்பி, ஆக்சிலரேட்டர் கம்பியைத் தானே இழுத்துப் பிடித்துக்கொண்டது. இழுக்க இழுக்க இன்னும் எழும்புகிறது, எழும்ப எழும்ப இன்னும் இழுக்கிறது. சாவியைத் திருகி அணைத்தேன். அந்த வருஷத்து வண்டியில் சாவி டேஷ்போர்டில் இருக்கும். ஸ்டியரிங்கைப் பூட்டும் சாவி ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ், செவர்லேயின் தாய்க் கம்பெனி) வண்டிகளில் 1969-இல்தான் வந்தது, அதனால் ஓரமாக ஒதுக்க முடிந்தது. ஏர் கிளீனரின் நட்டு ஹூடை உள்ளிருந்து குத்திய பள்ளம் இன்னும் இருக்கிறது.

கழற்றிப் பார்த்தேன். ரப்பர் கிழியவே இல்லை. தட்டில் இருந்து இட்லி எடுத்த மாதிரி, இரும்புத் தகட்டை விட்டு முழுசாகப் பெயர்ந்து வந்திருந்தது. தகடு பளபளவென்று இருந்தது. பசை பிடித்த அடையாளமே இல்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த வியாதிதான் இது. மவுண்ட் பிரிந்து போகிற இதே குறைக்காக 1971 டிசம்பரில் ஜிஎம் 67 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. மவுண்ட்டை மாற்றித் தரவில்லை, என்ஜின் எழும்பாமல் இருக்க ஒரு கம்பிவடத்தைக் கட்டி அனுப்பினார்கள். என் வண்டியில் அது இல்லை. எனக்கு முன்னால் வைத்திருந்த மகராசன் எவனோ அசிங்கமாக இருக்கிறது என்று கழற்றி எறிந்திருப்பான். நான் வாங்கின மறுநாளே பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

மோப்பார் மாமா:
நோவைத் தம்பி, ‘அதை விடுங்கள்’ என்று தாண்டிப் போனீர்களே, அங்கேதான் விஷயம் இருக்கிறது. அந்த வாஷர்! செவி ஸ்மால் பிளாக், அதாவது செவர்லேயின் சின்ன வி8 என்ஜின், அதன் மவுண்ட்டில் ரெண்டு ஜாதி உண்டு. ஒன்று குட்டையாக அகலமாக இருக்கும், அகலம் 2 5/8 அங்குலம். இன்னொன்று நெட்டையாக ஒடிசலாக இருக்கும், அகலம் 2 3/8 அங்குலம். சப்ஃப்ரேமில் (வண்டியின் முன்பக்கச் சட்டத்தில்) இருக்கும் ஸ்டாண்டும் அதற்கேற்ற மாதிரி ரெண்டு வகை. ஒடிசல் மவுண்ட்டை அகல ஸ்டாண்டில் வைத்தால் கால் அங்குலம் சந்து விழும், உயரமும் மாறும், ஓட்டையும் சேராது. மவுண்ட் செய்தவனைத் திட்டுவதற்கு முன்னால் ஸ்டாண்டை அளந்தீர்களா? அரத்தை எடுக்கிற கை வெர்னியரை எடுத்திருக்கலாம்.

என் அனுபவம் சின்னதுதான். 1970 டாட்ஜ் டார்ட், 318-ஐ இறக்கிவிட்டு 360 ஏற்றினேன். ரெண்டும் ஸ்மால் பிளாக்தானே என்று பழைய பிராக்கெட்டையே வைத்தேன். 360-க்குப் பிராக்கெட் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

இனி செய்யப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். என்ஜினை இறக்கும் முன்பு கியர்பாக்ஸ் மவுண்ட் போல்ட்டுகளைத் தளர்த்திவிடுங்கள். பின்னால் இறுக்கிக் கட்டிவிட்டு முன்னால் ஓட்டை சேரவில்லை என்று அழுகிறவர்கள் பாதிப் பேர். ஸ்டாண்டு போல்ட், பிளாக் போல்ட் எல்லாவற்றையும் முதலில் கையால் மட்டும் திருகி வையுங்கள், ஒன்றைக்கூட இறுக்காதீர்கள். கூர்மழுங்கின ஊசிக்கம்பி ஒன்றை ஓட்டையில் விட்டு ஆட்டினால் எட்டில் ஒரு அங்குலம் தானாக நகரும். இறுக்குவதெல்லாம் என்ஜினின் எடை முழுக்க மவுண்ட்டில் இறங்கின பிறகுதான். ரப்பர் வாங்கினால், ரப்பர் போனாலும் இரும்பும் இரும்பும் கொக்கி போட்டுக்கொள்கிற வகையாக வாங்குங்கள். இம்பாலா தம்பி அதை வாங்கியிருந்தால் உட்வர்டில் நாலு பேர் முன்னால் மானம் போயிருக்காது. ரப்பரைவிடக் கெட்டியான பாலியூரித்தேன் போடாதீர்கள், சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்குகிற நடுக்கத்தில் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டி நாலாகத் தெரியும். முழு இரும்பு மவுண்ட் ரேஸ் ஓட்டுகிறவனுக்கு, நமக்கு வேண்டாம். அப்புறம் என்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டை. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. பட்டையை மாட்ட மறந்தால் ஸ்டார்ட்டரின் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் போகப் பார்க்கும், கேபிள் கருகும். பழைய போல்ட்டை மறுபடி போடாதீர்கள். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு…

இம்பாலாக்காரன்:
மாமா, தம்பி கேட்டது ஒரு ‘டொக்’. நீங்கள் ஒரு செமஸ்டர் பாடம் எடுத்துவிட்டீர்கள். நான் வாங்கினது கொக்கி வகை என்று சொல்லித்தான் விற்றார்கள். பெட்டிப் படத்தில் கொக்கி இருந்தது, உள்ளே இருந்ததில் இல்லை.

மோப்பார் மாமா:
பெட்டியைத் திறந்து பார்க்காமல் யார் போடச் சொன்னது?

குதிரைவண்டி_66:
சண்டை முடிந்ததும் இதைப் படியுங்கள். 1966 மஸ்டாங், 289. இந்த வண்டியில் 65-க்கும் 66-க்கும் ஃப்ரேம் பக்கத்துப் பிராக்கெட்டே வேறு, ஆனால் ரெண்டு வருஷத்தையும் ஒரே பெட்டியில் எழுதி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தில் நான் விழவில்லை, சரியான வருஷத்துக்குத்தான் வாங்கினேன். மாட்டி முடித்து ஸ்டார்ட் செய்தால் இடது பக்க எக்சாஸ்ட் பைப் ஸ்டியரிங் கம்பியில் உரசுகிறது. திருப்பும்போது கீய்ய்ங் என்று பல் கூசும் சத்தம்.

அப்போது மனைவியின் பிரசவத்துக்காக மாமனார் வந்திருந்தார். நாமக்கல்லில் லாரிப் பட்டறையில் நாற்பது வருஷம் இருந்தவர். எங்கள் ஊர் அமைதி அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை, பகலெல்லாம் ஜன்னல் பக்கமே நிற்பார். அன்றைக்கு டார்ச் பிடிக்க வந்தார். மவுண்ட் ரெண்டையும் கழற்றித் தரையில் வைத்தேன். குனிந்து பார்த்தார். “மாப்ள, இது ரெண்டும் ஒரு தாய் பெத்த புள்ளைங்க மாதிரி தெரியலையே.” அளந்தேன். ஒன்று மற்றதைவிட 3 மில்லிமீட்டர் குள்ளம். ஒரே பெட்டி, ஒரே எண்.

திருப்பி அனுப்பலாம் என்றேன். அவர் காதில் வாங்கவில்லை. ஹார்ட்வேர் கடைக்குக் கூட்டிப் போகச் சொன்னார். ஆணி, தாழ்ப்பாள் எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போய், ஒரு பெரிய கதவுக் கீலை எடுத்தார். விரல் நகத்தால் கனத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது போதும்” என்றார். வீட்டில் கீலின் ஊசியைத் தட்டி எடுத்து, ஒரு இலையை மட்டும் அரத்தால் ஓரம் ராவி, இருந்த ஓட்டையையே போல்ட்டுக்குப் பெரிதாக்கி, மவுண்ட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் பேக்கிங் வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அமெரிக்கக் கேரேஜில், ஒரு மணி நேரம். போல்ட்டை இறுக்கும்போது மட்டும் ஸ்பேனரை என்னிடம் கொடுத்தார். உரசல் நின்றது.

மோப்பார் மாமா:
நல்ல கதை, மறுக்கவில்லை. ஆனால் கதவுக் கீல் மெத்தென்ற இரும்பு, அழுந்தும். போல்ட்டும் 3 மில்லிமீட்டர் கடி இழந்திருக்கும். சரியான ஷிம் (இடைத்தகடு) வாங்கி, நீளமான போல்ட்டாக மாற்றிவிடுங்கள்.

குதிரைவண்டி_66:
போல்ட்டை அன்றைக்கே நீளமானதாக மாற்றிவிட்டார் மாமா, அதைச் சொல்ல விட்டுவிட்டேன். அவர் தவறி ரெண்டு வருஷம் ஆகிறது. கீல் அங்கேயே இருக்கட்டும்.

மோப்பார் மாமா:
சரிப்பா. இருக்கட்டும்.

ஹூஸ்டன்_நோவா:
1972 செவர்லே நோவாவில் பழைய என்ஜினைத் தூக்கிவிட்டு ஜிஎம்மின் பிற்கால 5.3 லிட்டர் எல்எஸ் என்ஜினை வைத்தேன். எல்எஸ் பிளாக்கில் பக்கத்துக்கு நாலு போல்ட், பழைய மவுண்ட்டுக்கு மூன்று. நடுவில் வைக்க அடாப்டர் தகடு விற்கிறார்கள். தகடு கச்சிதமாகச் சேர்ந்தது, போல்ட் எல்லாம் வெண்ணெய் மாதிரி போனது. செயினைத் தளர்த்தி எடையை இறக்கினேன். கடைசி அரை அங்குலத்தில் ‘டிங்’. என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் பான் கிராஸ்மெம்பர் (சட்டத்தின் குறுக்கு உத்திரம்) மேல் உட்கார்ந்துவிட்டது. ஒரு காகிதம் நுழையவில்லை. மவுண்ட் சேர்ந்தால் போதும் என்று நினைத்தவனுக்கு அந்த ‘டிங்’ சாகும்வரை மறக்காது. பான் மாற்றிய செலவில் ஊருக்கு ஒரு டிக்கெட் எடுத்திருக்கலாம்.

கோவை கான்டெஸா:
உள்ளே வரலாமா? உங்களுடையது மாதிரி பெரிய என்ஜின் போட்ட அமெரிக்க மசில் கார் இல்லைதான், ஆனால் முகத்தைப் பார்த்து எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். இசுசு 1.8 பெட்ரோல் என்ஜின் போட்ட ஹிந்துஸ்தான் கான்டெஸா. 2002-இல் வண்டி தயாரிப்பே நின்றுபோனது, ஒரிஜினல் மவுண்ட்டுக்கு அலையாத கடை இல்லை. கடைக்காரர் நீட்டியது வேறு ஏதோ வண்டியுடையது. “எல்லாம் ஒண்ணுதான் சார், ஸ்டிக்கர்தான் வேற” என்றார். போட்டால் கியர் லிவர் சாமி வந்த மாதிரி ஆடுகிறது. கடைசியில் பழைய இரும்பை எடுத்துப் போய் ஒரு ரப்பர் மோல்டிங் பட்டறையில் புதுசாக ரப்பர் வார்த்துக்கொண்டேன். கால் அங்குலத்துக்கு ரெண்டு வகை மவுண்ட் வைத்திருக்கும் உங்களைப் பார்த்தால் பொறாமையாக இருக்கிறது.

நோவை_69:
சனிக்கிழமை முழுக்க அடியில்தான் கிடந்தேன். மாமா சொன்னபடி ஸ்டாண்டு ரெண்டையும் அளந்தேன். இடது ஸ்டாண்டு ஒடிசல், வலது ஸ்டாண்டு அகலம். வலது பக்கத்தில் மட்டும் கறுப்புப் பெயின்ட் கொஞ்சம் புதுசு. அந்தப் பக்கம் எப்போதோ அடிபட்டு, கையில் கிடைத்த ஸ்டாண்டை யாரோ மாட்டியிருக்கிறார்கள் போல. ஆக, நான் வாங்கின மவுண்ட்டில் குறை எதுவும் இல்லை.

சரியான ஸ்டாண்டுக்கு ஆர்டர் போட்டாயிற்று. மவுண்ட்டும் ஒரு பக்கம் புதுசு வாங்கவேண்டும், தனியாக ஒன்று தரமாட்டார்களாம், செட்டாகத்தான் தருவார்களாம். திருப்பிக் கொடுக்கலாமா என்று பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தேன். ‘ராவியது, துளையிட்டது திரும்ப எடுக்கப்படாது’ என்று அங்கேயும் கொட்டை எழுத்தில்தான் இருக்கிறது.

மோப்பார் மாமா:
மிச்சமாகும் இடது மவுண்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். நானே வாங்கிக்கொள்கிறேன், தம்பி பையனின் செவர்லே செவெல் வண்டிக்கு ஆகும். முதலில் அளந்து போட்டோ போடுங்கள்.